ஒரு குறையாவது கட்டாயம்

கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று கல்லூரி வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பாதிரியாரை அழைத்து ஜெபம் செய்தார்கள். பள்ளிவாசலிலிருந்து ஹஜ்ரத்தை வரவழைத்து துஆவும் கேட்டார்கள். அந்தப் பெட்டி எந்தச் சாமியின் பொறுப்பில் வருகிறது என்று யாருக்கும் தெரியாததால், மூன்று இடத்திலும் சொல்லிவைத்துவிடுவது நல்லது என்று முதல்வர் டாக்டர் சத்தியநாதன் முடிவு செய்திருந்தார். அது 1987ஆம் வருஷம், ஏப்ரல் மாதம். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே ரோட்டோரம் இருந்த கீழ்ப்பாலாறு கலைக் கல்லூரிக்கு அதுவரை வந்த இயந்திரங்களில் பெரியது தண்ணீர் மோட்டார்தான்.

பெட்டி புதிது இல்லை. ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதைக் கல்லூரிக்குத் தானம் செய்தது. அதைக் கல்லூரிக்குத் தோதாக மாற்றிக் கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒருவன் வந்தான். "உங்களுக்கு என்ன சார் வேணும்? பசங்க உள்ளே வர்றாங்க, தரம் பாக்கறீங்க, வெளியே அனுப்பறீங்க. இதுலயும் அதேதான் இருக்கு" என்றான். மேலே இருந்த தலைப்புகளை மட்டும் மாற்றினான். இரண்டு வேளை பிரியாணி சாப்பிட்டான். ரயிலேறிப் போய்விட்டான். 'அதே' என்றால் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

வேதியியல் கூடத்தில் பாதியைத் தடுத்து ஏ.சி. வைத்தார்கள். 'மாணவர் சேவை நவீன மையம்' என்று பலகை மாட்டினார்கள். 'காலணிகளை வெளியே கழற்றவும்' என்று அதன் கீழே இன்னொரு பலகை. உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஊர்ப் பிள்ளைகள் வெறுங்காலோடு வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள்.

திறப்பு விழாவில் முதல்வர் முக்கால் மணி நேரம் பேசினார். "இதுவரை ஒரு மாணவன் டி.சி. வாங்க வேண்டுமானால் என்ன நடந்தது? நம் சூப்பரிண்டெண்டென்ட் கோதண்டராமனிடம் போவான். அவர் ஒரு புத்தகத்தை எடுப்பார், பேனாவால் எழுதுவார், ஐந்தே நிமிடத்தில் கையில் கொடுத்துவிடுவார். இப்படிப்பட்ட அவல நிலையில்தான் நாம் முப்பது வருடம் இருந்தோம்! இனி எதுவும் அவ்வளவு சுலபமாக நடக்காது, எல்லாம் முறைப்படி நடக்கும் என்று உறுதி கூறுகிறேன்" என்றார். கை தட்டினார்கள். "இனி எந்தச் சான்றிதழிலும் கையெழுத்து வேண்டாம். கையெழுத்து மனிதன் போடுவது. மனிதன் தவறு செய்வான். நான் உட்பட." அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். பிறகு கம்ப்யூட்டர் காகிதம் ஒன்றை உயர்த்திக் காட்டினார். இரண்டு ஓரத்திலும் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. "இந்த ஓட்டைகளைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் அசல். இல்லாவிட்டால் போலி. இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்?"

பழைய டி.சி. புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டி அரக்கு முத்திரை போட்டார்கள். கோதண்டராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நவீனத்தை வரவேற்கும் ஆனந்தக் கண்ணீர் என்று கல்லூரி மலரில் எழுதினார்கள்.

ஏசுராஜுக்கு இந்த வைபவமெல்லாம் தெரியாது. அவர் அந்தப் பெட்டியைத் தானம் செய்த அதே தோல் கம்பெனியில் செலக்‌ஷன் மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷமாக ஜன்னலோரம் ஒரு மேஜை முன்னால் நிற்கிறார். தோலை எடுப்பார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை புரட்டுவார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை பார்ப்பார். முதல் தரமா, இரண்டாம் தரமா என்று வால் ஓரத்தில் குறி போட்டுத் தன் நம்பரையும் குத்துவார். அவர் நம்பர் பதினான்கு. எதற்கும் தேறாத தோலுக்கு ஒரு 'ஆர்'. ரிஜெக்ட். எழுதிய சீட்டு மாடி ஆபீசுக்குப் போகும். மாடியில் அதை என்ன செய்கிறார்கள் என்று அவர் ஏறிப்போய்ப் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகள், தேவகிருபை. கீழ்ப்பாலாறு கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல். ஜூன் மாதம் ரிசல்ட் வந்தபோது சராசரி எழுபத்தெட்டு. அதோடு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன் படிப்புக்கு இடமும் கிடைத்தது. படிப்பு முடிந்தால் அங்கேயே வேலை. கடிதத்தை ஏசுராஜ் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தார். அதில் கடைசி வரி மட்டும் கண்டிப்பாக இருந்தது. அசல் டி.சி.யோடு ஜூலை பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

கல்லூரி போர்டில் கம்ப்யூட்டர் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஓர் இங்கிலீஷ் எழுத்து. 'பி' வாங்கியவர்கள் அதை 'பாஸ்' என்று எடுத்துக்கொண்டார்கள். 'சி' வாங்கியவர்கள் மூன்றாம் கிரேடு போல என்று சமாதானமானார்கள். எல்லாப் பாடத்திலும் ஒற்றை இலக்கத்தில் வாங்கித் தோற்றவர்களுக்கு 'ஜி' வந்திருந்தது. 'குட்' என்று நினைத்து வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைக்கச் சொன்னார்கள். கிருபையையும் சேர்த்துப் பதினோரு பேருக்கு மட்டும் 'ஆர்'. பதினொன்றும் முதல் வகுப்பு.

"ஆர் போட்டிருக்குது நைனா. ரேங்க்காம். எல்லாரும் கை குடுத்தாங்க" என்றாள் கிருபை.

ஆர் என்ற எழுத்து ஏசுராஜின் வாழ்க்கையில் ஒரு தடவைகூட நல்லதுக்கு வந்ததில்லை. ஆனாலும் படித்தவர்களுடைய ஆர் வேறு ஆராக இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

டி.சி. கேட்டு அவள் போன முதல் நாள் டோக்கன் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் கரண்ட் இருந்தது, ஏ.சி. ரிப்பேர், கம்ப்யூட்டருக்கு வேர்க்கக் கூடாது என்று மூடிவிட்டார்கள். நான்காம் நாள் 'பி', 'சி', 'ஜி' வாங்கியவர்களெல்லாம் ஓட்டைக் காகிதத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள், ஆளுக்கு ஒரு நிமிஷம். கிருபையின் நம்பரைத் தட்டினால் மட்டும் பெட்டி கீச்சென்று கத்தியது. 'அனுப்ப இயலாது' என்றது. அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஏசுராஜ் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனார். முதலில் கோதண்டராமனைப் பார்த்தார். அவர் மேஜையில் பேனா ஸ்டாண்டு காலியாக இருந்தது.

"எழுதிக் குடுக்க எனக்கு அஞ்சு நிமிஷம் போதும்பா. உன் பொண்ணை மூணு வருஷமா தெரியும். கை அரிக்குது. ஆனா புக்கு உள்ள இருக்குது, அரக்கு மேல இருக்குது. நான் தொட்டா என் பென்ஷன் போய்டும்" என்றார் கோதண்டராமன். பீரோவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

முதல்வர் அறையில் ஏ.சி. இல்லை. அவர் வழுக்கையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஏசுராஜ் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கை கட்டி நின்றார்.

"சார், எம் பொண்ணு நல்லா படிச்ச பொண்ணு. டி.சி. மட்டும் வர மாட்டேங்குது. வெள்ளிக்கிழமை கடைசி."

"உங்கள் மகளைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை, ஏசுராஜ்."

"இன்னா சார் தப்பு பண்ணிச்சு?"

"அதை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். இயந்திரம் காரணமில்லாமல் ஒருவரை நிறுத்தாது. முதல் வகுப்பில் தேறிய பதினோரு பேரையும் நிறுத்தியிருக்கிறது என்றால், முதல் வகுப்பு என்பதிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம். இவ்வளவு நாள் நாங்கள் தாராளமாக மார்க் போட்டுவிட்டோமோ என்று எனக்கே இப்போது சந்தேகம். பாருங்கள், தோற்றுப்போன மாணவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அவர்கள் எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் சேவை செய்துவிட்டோம்."

"அப்போ எம் பொண்ணுக்கு?"

"அதற்குத்தான் குழு போட்டிருக்கிறோம்" என்றார் முதல்வர்.

குழுவின் கதை இது. நிறுத்தப்பட்டவரை மேலே ஏற்ற வேண்டுமானால் கம்ப்யூட்டர் 'செலக்டர் நம்பர்' கேட்டது. செலக்டர் என்றால் தேர்வாளர். ஆகவே ஏழு பேராசிரியர்களைக் கொண்டு தேர்வாளர் குழு அமைத்தார்கள். ஆளுக்கொரு நம்பர் வேண்டுமே, ஒன்றாம் நம்பர் யாருக்கு என்பதில் முதல் கூட்டம் முழுக்கப் போயிற்று. இரண்டாவது கூட்டத்தில் போண்டா சரியாக வேகவில்லை என்று ஒத்திவைத்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஏழு பேரும் வெறுங்காலோடு கம்ப்யூட்டர் அறைக்கு ஊர்வலமாகப் போய், ஒன்றிலிருந்து ஏழு வரை தட்டிப் பார்த்தார்கள். 'இப்படி ஒரு செலக்டர் இல்லை' என்று ஏழு தடவையும் வந்தது. முப்பது வருஷம் பாடம் நடத்திய தமிழ்த் துறைத் தலைவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒருவரோடும் பேசவில்லையாம். குழு தன் அறிக்கையில், மெட்ராஸுக்குக் கடிதம் எழுதலாம் என்று பரிந்துரைத்தது. கடிதம் எழுதினார்கள். மெட்ராஸ் ஆள் துபாய்க்குப் போய்விட்டிருந்தான்.

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வியாழக்கிழமை ஏசுராஜின் மனைவி பொன்மலர் சர்ச்சுக்குப் போய் முழங்காலிட்டுவிட்டு வந்தாள். "கம்ப்யூட்டருக்குன்னு இன்னா சொல்லி ஜெபம் பண்றதுன்னே தெரியல" என்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பனும் மகளும் 'மாணவர் சேவை நவீன மைய' வாசலில் நின்றார்கள். முதல்வர் பத்திரிகைக்காரர்களை அழைத்துக்கொண்டு கல்லூரியைச் சுற்றிக் காட்டப் போயிருந்தார். உள்ளே ஆபரேட்டர் விஜயகுமாரி, ஏ.சி.க் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். இரண்டு வாரமாகக் கிருபையின் நம்பரைத் தட்டித் தட்டி அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"உள்ள வாங்கய்யா. நீங்களே பாருங்க, நான் ஒண்ணும் பண்ணல. அதுதான் அப்படிச் சொல்லுது" என்றாள். நிறுத்தப்பட்டவர்களின் முழு விவரம் அடித்த தாளை அவர் கையில் கொடுத்தாள்.

ஏசுராஜுக்கு இங்கிலீஷில் தெரிந்தது முப்பது வார்த்தை. முப்பதும் அந்தத் தாளில் இருந்தன.

அவர் தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். இன்னொரு தடவை படித்தார்.

"அம்மா, இது பசங்க கணக்கு இல்லம்மா. தோல் கணக்கு."

"இன்னாய்யா சொல்றீங்க?"

"இதோ பாரு, சதுர அடின்னு போட்டிருக்குது. எழுபத்தெட்டு சதுர அடி. அது எம் பொண்ணு மார்க்கு. அதைத் தோலோட அளவுன்னு எடுத்துக்கிச்சு இது. 'ஜி'ன்னா கோட், ஆட்டுத் தோலு. பத்து அடிக்கு மேல வராது. 'சி'ன்னா கவ், மாடு; அதுக்கு மேல நாப்பது வரைக்கும். 'பி'ன்னா பஃபலோ, எருமை, அறுபது வரைக்கும். அறுபதுக்கு மேல தோலு இருக்கிற மிருகம் இந்தப் பக்கமே கெடையாதும்மா. அதான் ரிஜெக்ட்னு தள்ளிடுச்சு."

விஜயகுமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். போன வாரம் அவள் கையால் நூற்று நாற்பது எருமைகளுக்கும் அறுபது மாடுகளுக்கும் டி.சி. அடித்துக் கொடுத்திருந்தாள். ஜி வாங்கின ஒருவன் அவளுக்கு இனிப்புக்கூடக் கொடுத்தான்.

கிருபை மூன்று வருஷம் விளக்கு வைத்துப் படித்த பெண். அவள் பெயருக்கு நேராக அப்பன் தினம் செத்த தோலில் போடுகிற எழுத்து. ஏசுராஜுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல் வந்தது.

"செலக்டர் நம்பர் கேக்குதுன்னு சொன்னாங்களே, எங்க கேக்குது? காட்டு" என்றார்.

விஜயகுமாரி தட்டினாள். பச்சை எழுத்தில் கேள்வி வந்து நின்றது.

"பதினாலு போடும்மா."

போட்டாள். பெட்டி கத்தவில்லை. ஒரு விநாடி யோசித்தது. பிறகு திரையில் ஒரு பெயர் வந்தது. விஜயகுமாரி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "ஏ... சு... ராஜ். ஐயா, உங்க பேரு!"

ஏழு பேராசிரியர்களைத் தெரியாத பெட்டிக்கு ஏசுராஜைத் தெரிந்திருந்தது. அவர் மாடிக்கு அனுப்பிய சீட்டெல்லாம் இதற்குள்ளேதான் போயிருந்தது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"தரம்?"

"ஒண்ணு."

விஜயகுமாரி ஒன்று என்று தட்டினாள். பெட்டி நகரவில்லை. "குறை என்னன்னு கேக்குதுய்யா."

"குறை இல்ல."

"இல்லன்னா எடுக்க மாட்டேங்குது. ஒரு குறையாவது கட்டாயம்னு சொல்லுது."

ஏசுராஜுக்கு அந்த நியாயம் தெரியும். ரிஜெக்ட் போட்ட தோலை மேலே ஏற்றினால், முதலில் ஏன் தள்ளினாய் என்று மாடியில் கேட்பார்கள். ஏதாவது ஒரு குறையைச் சொல்லித்தான் ஏற்ற வேண்டும். குறைகளின் பட்டியல் திரையில் நின்றது. ஓட்டை, கத்தி வெட்டு, கீறல், உண்ணிக் கடி, சூட்டு முத்திரை, அம்மைத் தழும்பு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தோலில் குறை கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை. இப்போது மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மணி மூணு ஆவுது நைனா. எதையாச்சும் போடு. ஓட்டைன்னு போடு, கீறல்னு போடு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் கிருபை.

"இல்லாததை எப்பிடிம்மா போடுவேன்? செத்த ஆட்டுக்கே ரெண்டு பக்கமும் புரட்டிப் பாக்காம போட்டதில்ல நானு."

அவளைக் கைப்பிடித்து ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். இடது புருவத்துக்கு மேலே, மிளகு அளவுக்கு ஒரு குழி. ஆறு வயசில் அம்மை போட்டபோது, சொறியாதே சொறியாதே என்று ராத்திரி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும், விடிகிற நேரத்தில் அவர் கண்ணயர்ந்த ஒரு நொடியில் வந்த குழி.

"அம்மைத் தழும்பு. ஒண்ணு. இடது புருவத்துக்கு மேல" என்றார் ஏசுராஜ்.

அச்சு இயந்திரம் கர்ரென்று அடிக்க ஆரம்பித்தது. டி.சி. வந்தது. பழைய டி.சி.யில் 'அங்க அடையாளம்' என்று ஓர் இடம் உண்டு. அதற்குப் பொருத்தமாக வேறெதுவும் கிடைக்காததால் மெட்ராஸ் ஆள் அங்கே குறையைப் பொருத்திவிட்டுப் போயிருந்தான். 'அங்க அடையாளம்: அம்மைத் தழும்பு, இடது புருவத்துக்கு மேல்.' கீழே, 'தரம் பார்த்தவர்: ஏசுராஜ், 14.'

காகிதத்தைக் கிழித்துக் கையில் கொடுக்கும்போது முதல்வர் பத்திரிகைக்காரர்களோடு உள்ளே வந்தார். நடந்ததை விஜயகுமாரி பயந்து பயந்து சொன்னாள். முதல்வரின் முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டு இவரைத் தொடவிட்டாய்? என் கையெழுத்து இல்லாமல் இந்தக் கல்லூரியிலிருந்து ஒரு மாணவி வெளியே போவதா?"

"சார், கம்ப்யூட்டர் காயிதத்துக்குக் கையெழுத்து வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களாமே. ஓட்டை இருந்தாப் போதும்னு..." என்று ஏசுராஜ் பணிவாகச் சொன்னார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்டார்.

பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல்வர் அவர்களைப் பார்த்தார், காகிதத்தின் ஓட்டைகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "தொழில் துறையும் கல்வித் துறையும் கைகோத்து மாணவருக்குச் சேவை செய்யும் காட்சியைத்தான் இப்போது பார்க்கிறீர்கள்" என்றார். பிறகு விஜயகுமாரி பக்கம் திரும்பி, அந்த நம்பர் என்ன என்று மெல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வேலூர் பஸ் வழியெல்லாம் நின்று நின்று போயிற்று. ஆஸ்பத்திரி ஆபீஸ் ஜன்னலில் அவர்கள் காகிதத்தை நீட்டியபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கிளார்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, சதுர அடின்னெல்லாம் இருக்குது?"

"கம்ப்யூட்டருங்க" என்றார் ஏசுராஜ்.

"ஓகோ, கம்ப்யூட்டரா" என்று கிளார்க் உடனே மரியாதையாகத் தலையாட்டினார். "தரம் பார்த்தவர் ஏசுராஜ். உங்க பிரின்சிபாலா?"

கிருபை அப்பனைப் பார்த்தாள். "என்னைப் பாத்தவரு சார்" என்றாள்.

கிளார்க்குக்கு அது போதவில்லை. அங்க அடையாளம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவள் நெற்றியை உற்றுப் பார்த்தார். "சரியா இருக்குது. இந்தக் காலத்துல யாரு இவ்ளோ கரெக்டா பாத்து எழுதறாங்க" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

அதோடு கதை முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் மீதிப் பத்துப் பேர் இருந்தார்களே! திங்கட்கிழமை முதல்வர் தேர்வாளர் குழுவைக் கலைத்தார். 'மாணவர் நலன் கருதி, பதினான்காம் எண்ணை இனி முதல்வரே பயன்படுத்துவார்' என்று சுற்றறிக்கை விட்டார். அன்று மாலையே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். தரம்? ஒன்று. குறை? பட்டியலில் முதலில் இருந்தது ஓட்டை. பத்துப் பேருக்கும் ஓட்டை என்று தட்டச் சொன்னார். ஒருவரையும் கூப்பிட்டுப் பார்க்கவில்லையே சார் என்று விஜயகுமாரி தயங்கினாளாம்.

"பார்த்தால் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு இன்னொன்று என்று போட நேரும். அது பாரபட்சம். எல்லோரையும் சமமாக நடத்துவதற்குத்தான் இயந்திரம் வாங்கியிருக்கிறோம்" என்றாராம் முதல்வர். பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது. தேங்கிய மனு ஒன்றுமில்லை என்று பேப்பரில் செய்தியும் வந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை காலையில் ஏசுராஜ் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். கேட்டில் யாரோ சத்தம் போடுகிறார்கள், உங்களைத்தான் கேட்கிறார்கள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னான். போனார். பர்தா போட்ட ஓர் அம்மா, பக்கத்தில் உயரமாக மீசை அரும்பிய மகன். அம்மாவின் பெயர் அஃப்ஸர் ஜஹான். ஆம்பூரில் ஷூவுக்கு மேல் தோல் தைத்துக் கொடுக்கிறவள், தோலில் குத்தும் பதினான்காம் நம்பர் எந்தக் கம்பெனி ஆளுடையது என்று விசாரித்து வந்திருந்தாள். மகன் ஷபீ அஹமது, அந்தப் பத்துப் பேரில் ஒருவன், கணக்கில் தொண்ணூற்று மூன்று வாங்கியவன்.

"நீங்கதான் ஏசுராஜா?"

"ஆமாம்மா."

அவள் ஓட்டைக் காகிதத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். 'அங்க அடையாளம்: ஓட்டை.' கீழே, 'தரம் பார்த்தவர்: ஏசுராஜ், 14.'

"உங்க பேருதான இது? எம் புள்ளைக்கு பாங்க்ல வேலைக்குக் கூப்பிட்டாங்க. இதைப் பாத்து ரூம் பூரா சிரிச்சாங்களாம். ஓட்டை எங்க இருக்குது காட்டுன்னு கேட்டாங்களாம். புள்ள எழுந்து வந்துட்டான். மூணு நாளா சோறு தின்னல." அவள் காகிதத்தில் அந்த இடத்தை விரலால் குத்திக் காட்டினாள். "எங்க பாத்தீங்க ஓட்டைய? எப்போ பாத்தீங்க?"

அன்றைக்கு முதல்வர் அந்த நம்பரைக் குறித்துக்கொண்டது ஏசுராஜுக்கு ஞாபகம் வந்தது. எழுதியது முதல்வர் என்று சொல்லலாம். அந்தப் பெரிய மனுஷர் பெயர் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. இருந்தது ஏசுராஜின் பெயர், ஏசுராஜின் நம்பர். இருபத்திரண்டு வருஷம் ஒரு பொய்க் குறி போடாத நம்பர்.

"நான் பாக்கலம்மா" என்றார்.

"பாக்காமயே போட்டீங்களா?"

அதைவிட அவரை வேறு எப்படியும் அடித்திருக்க முடியாது. கேட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏசுராஜ் கையை வேட்டியில் துடைத்தார். ஷபீயின் தோளைத் தொட்டார். "வா தம்பி" என்று ஜன்னலோரம், தன் மேஜைக்கே கூட்டிப்போனார். அம்மாவும் பின்னாலேயே வந்தாள். தோல் புரட்டுகிறவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு முதல் தரத் தோலுக்கு எடுத்துக்கொள்கிற நேரத்தைவிட ஜாஸ்தியாகவே எடுத்துக்கொண்டார். நெற்றியைப் பார்த்தார். இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிராக நிற்கவைத்துப் பார்த்தார். பையன் அழுகையை அடக்கிக்கொண்டு விறைப்பாக நின்றான். பிறகு ஏசுராஜ் அந்தக் காகிதத்தை வாங்கி, எப்போதும் தோலைத் தூக்கிப் பிடிப்பது மாதிரி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இரண்டு ஓரத்திலும் பொட்டுப் பொட்டாக வெயில் ஒழுகியது.

"நல்லா பாத்துட்டேன்மா" என்றார். "ஓட்டை புள்ள மேல இல்ல. காயிதத்துலதான் இருக்குது."